கொள்ளை நோயும் குலைந்த உள்ளமும்

கொள்ளை நோய் பரவும் காலத்தில் அரசாங்கத்தார் பிணங்களை எண்ணுவர், படுக்கைகளை எண்ணுவர், மருந்துப் புட்டிகளையும் எண்ணுவர். நோய் தீண்டாமலே உள்ளம் முறிந்து கிடப்போரை எண்ணுவார் அரியர். 1918-ஆம் ஆண்டில் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் மலாயாவுக்குள் புகுந்து தோட்டத்து லயங்களையும் தீண்டிற்று. மனைவி மக்களைப் புதைத்துவிட்டு மறுநாளே பால்மரத்தின் கீழ் நின்றவனுக்கு ஆறுதல் கூறுவதும் தன் கடமையென்று எந்தச் சர்க்காரும் அன்று கருதியதில்லை. மனம் பேதலித்தவனுக்கு அன்றைய ஆட்சி அறிந்திருந்த பரிகாரம் மதிற்சுவர் ஒன்றே. 1911-ல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானிலும், 1928-ல் சிங்கப்பூரிலும் மனநோய் மருத்துவமனைகள் எழுந்தன. நம்மவரோ அம்மதிலுக்கு அஞ்சிப் பூசாரியின் வேப்பிலைக்கும் உடுக்கைக்கும் கைப்பொருளை இறைத்தனர். தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப் பெயரே நம்மிடையே வசைச் சொல்லாயிற்று! மருத்துவமனையைப் பழிச்சொல்லாக்கிய சமூகம் மருத்துவத்தை நாடுவது எங்ஙனம்?

சட்டமும் பூசாரிக்கு இளைத்ததன்று. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு கடல் கடந்து இந்நாடுகளுக்கும் வந்து சேர்ந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே என்பது அதன் தீர்ப்பு. துயரத்தால் சாகத் துணிந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாமோ?

சிங்கப்பூரில் அப்பிரிவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி ஒழிந்தது. அம்மாதம் 23-ஆம் தேதியே அங்கு முதல் கோவிட் நோயாளி காணப்பட்டார். ஏப்ரல் 7-ல் வீடுகள் அடைபட்டன. 10-ல் தேசியப் பராமரிப்புத் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. இரவு பகல் எந்நேரமும் மனம் கலங்கியோர் அன்று பேச இயன்றது. பேசுவதால் சட்டம் தன்மேல் பாயுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லாதிருந்தது.

மலேசியாவிலோ கதை வேறு. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. சுகாதார அமைச்சு மெர்சி மலேசியாவுடன் கூடி அம்மாதத்திலேயே ஆறுதல் மொழிக்கெனத் தொலைபேசி ஏற்பாடு செய்தது, பாராட்டத்தக்க செயலே. எனினும் ஒரு கரம் தொலைபேசியை நீட்ட, மறுகரம் 309-ஆம் பிரிவைப் பற்றிக்கொண்டிருந்தது. போலீசார் கணக்கின்படி 2020-ல் தற்கொலை செய்துகொண்டோர் 631 பேர். 2021-ன் முதல் ஐந்து மாதங்களிலேயே 468 பேர். அவ்வாண்டின் நடுவில் பசித்த வீட்டார் வாசலில் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்டனர். வயிற்றின் பசி வேறு, மனத்தின் நோய் வேறு என்று பிரித்துப் பேசும் அறிஞர்கள் அக்கொடிகளைக் கண்டிருக்க வேண்டும். 15555 என்னும் மனநல உதவி எண் 2022-ல் வந்தது; 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது 2023-ல். நோய் உச்சம் கடந்த பின்னரே இரண்டும் வந்தன.

இனி, நம் சகோதரர்கள் கிடந்த விடுதிகளைக் காண்போம். 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி, பொங்கோலிலும் தோ குவானிலும் இரு தொழிலாளர் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டு, ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே அடைபட்டனர். பின்னர் எல்லா விடுதிகளின் கதவுகளும் மூடின. தமிழ்நாட்டாரும் வங்காளதேசத்தாரும் பெருந்தொகையாக வாழும் இடங்கள் அவை. ஓர் அறையில் பன்னிருவரும் அதற்கு மேற்பட்டோரும் படுத்திருக்க, விலகி இருங்கள் என்றது சர்க்கார்!

அரசாங்கம் வாளாவிருந்ததாகக் கூறுதல் நேர்மையன்று. உணவும் மருத்துவமும் வந்தன; ஊருக்குப் பேச இணைய வசதி வந்தது. முதலாளிமார் செலுத்தும் தொழிலாளர் தீர்வையைத் தள்ளுபடி செய்து, கூலி தடைபடாதிருக்க வழி தேடினர். தரகனுக்குக் கடன்பட்டுக் கப்பலும் விமானமும் ஏறியவனுக்கு, சம்பளம் வரும் என்ற ஒரு சொல்லைக் காட்டிலும் மன அமைதி தரும் மருந்து யாது? அவ்வாண்டு நவம்பரில் இத்தொழிலாளரின் மனநலத்துக்கென்றே தனிக்குழுவும் அமைந்தது. ஆயினும் அடைபட்ட ஏப்ரலுக்கும் இந்நவம்பருக்கும் இடையே ஏழு மாதங்கள் கழிந்தன.

டிசம்பரில் வெளியான கணக்குப்படி, விடுதிவாசிகள் 323,000 பேரில் நூற்றுக்கு 47 பேரை அந்நோய் தொட்டிருந்தது. இறந்தோர் மிகச் சிலரே. உடல்கள் காக்கப்பட்டன, அது மறுக்க முடியாத சாதனை. நகரத்தார் உணவுக் கடைகளிலும் அங்காடிகளிலும் உலவத் தொடங்கிய பின்னும், நோயிலிருந்து எழுந்த அத்தொழிலாளிக்கு வேலைத்தலமும் விடுதியும் பொழுதுபோக்கு நிலையமுமே உலகமாயிருந்தன. மனநலத்தைப் பேண ஆலோசகரை அனுப்பிய அதே அரசாங்கமே கதவின் சாவியையும் வைத்திருந்தது. ஆலோசகரால் எத்துணைதான் இயலும்?

2021 செப்டம்பரில் ஒரு சோதனை ஏற்பாடு பிறந்தது: தடுப்பூசி போட்டுக்கொண்டவருள் வாரத்துக்கு 500 பேர் சில மணி நேரம் தேக்கா சென்று வரலாம். சீட்டின்றி வெளியே செல்லும் உரிமை 2022 ஜூன் 24-ல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குச் செல்ல அன்றும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.