துரும்பும் கையெழுத்தும்: மணமுறிவில் ‘சம்மதம்’ என்பதன் வரலாறு குறித்து

தோழி ஒருத்தியோடு குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் வாய்தாதான். “ரெண்டு பேரும் சேந்து மனுப் போட்டுருங்கம்மா, சண்டை எதுக்கு? நகைப் பேச்சை மட்டும் விட்டுட்டா அவரு கையெழுத்துப் போட்டுருவாரு” என்றார் வக்கீல். துணைக்கு வந்திருந்த தோழியின் அப்பத்தா முணுமுணுத்தது: “எங்க பக்கம் துரும்பக் குடுத்தா முடிஞ்சு போற கதை.” அந்தத் துரும்பைத் தேடிப் போனதில் விளைந்தவை இந்தக் குறிப்புகள்.

துரும்பு கற்பனையல்ல. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் அது இருக்கிறது. கள்ளர்களிடையே ஊர்த் தலைவர் முன்னிலையில் துரும்பு கொடுப்பது விலகல். வாங்குவது அதை ஏற்பது. மதுரைச் சீமை பற்றி 1868இல் எழுதிய நெல்சன் இன்னும் துல்லியமான கணக்கைத் தருகிறார். மனைவியை அனுப்பிவிட விரும்புகிற கணவன் தன் சொத்தில் பாதியைத் தர வேண்டும். மனைவியோ 42 ரூபாயை விட்டுக்கொடுத்துத் தன் விருப்பப்படி வெளியேறலாம். இதை எழுதியவர்கள் ஆட்சியின் அதிகாரிகள். அவர்கள் பார்வையின் சாய்வைக் கழித்துத்தான் வாசிக்க வேண்டும். கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. வெளியேற அவளுக்குக் கணவனின் சம்மதம் தேவைப்படவில்லை. விலை இருந்தது, வழியும் இருந்தது.

இந்த வழியைக் காலனிய நீதிமன்றம் என்ன செய்தது? சாஸ்திரங்களைப் புரட்டி, இந்துத் திருமணம் பிரிக்கவொண்ணாத சடங்கு என்பதைப் பொதுவிதியாக்கியது. வழக்காறுகள் விதிவிலக்காகச் சுருங்கின. 1864இல் பம்பாய் உயர் நீதிமன்றம், கணவன் சம்மதமின்றிப் பெண் விலகி மறுமணம் செய்யலாம் என்ற கோலிகளின் வழக்கத்தை ஒழுக்கக்கேடென்று தள்ளியது. 1894இல் சென்னை உயர் நீதிமன்றமோ, இருவரும் ஒப்பி, ஒருவர் மற்றவருக்குப் பரிசச் செலவைக் கொடுத்துப் பிரிவதில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெண் தானாக வெளியேறுவது குற்றம். கணவன் ஒப்பினால் அது வழக்கம். ‘பரஸ்பர சம்மதம்’ என்ற நாகரிகமான சொல்லுக்குள் ஆணின் அனுமதி நுழைந்துகொண்ட இடம் இது என்று நான் வாசிக்கிறேன்.

பம்பாயில் ருக்மாபாய் வழக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. சிறுமியாய் இருந்தபோது நடந்த திருமணத்தை ஏற்க மறுத்தார். கணவனோடு போ, இல்லாவிட்டால் ஆறு மாதச் சிறை என்றது 1887இன் தீர்ப்பு. சிறைக்குப் போகிறேன் என்றார் அவர். 1888இல் விஷயம் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது: கணவன் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தீர்ப்பை நிறைவேற்றக் கோருவதைக் கைவிட்டான். சமரசம்தான். விலை கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

இந்துச் சட்ட மசோதா விவாதத்தில் அம்பேத்கர் இதைத்தான் தொட்டார். பெரும்பான்மைச் சூத்திரச் சாதிகளிடம் ஏற்கெனவே மணமுறிவு இருக்கையில் சிறுபான்மையின் விதி எல்லோருக்கும் விதியாவது ஏன் என்று கேட்டார். 1955இன் சட்டம் மணமுறிவைத் தந்தது. வழக்காற்று மணமுறிவுகளையும் காப்பாற்றியது. ஆனால் நீதிமன்றத்தில் பிரிய வேண்டுமானால் எதிராளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கச் சேறு வேண்டும். படுக்கையறை சாட்சிக் கூண்டுக்கு வந்தது. 1976இன் திருத்தம்தான் இருவரும் சேர்ந்து மனுச் செய்யும் பிரிவைச் சேர்த்தது. குற்றம் சொல்லாமல் பிரியலாம். சிறிய விஷயமல்ல இது.

ஆகவே நான் சமரசத்துக்கு எதிரியல்ல. வருஷக்கணக்கில் வாய்தா வாங்கிக் குழந்தையை வராந்தாவில் வளர்ப்பதைவிட, மேசையில் உட்கார்ந்து பேசி முடிப்பது எவ்வளவோ மேல். பழைய பஞ்சாயத்தைக் கொண்டாடுவதும் என் நோக்கமல்ல. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள், காவல் காத்தது சாதியை. ஆனால் எழுந்து போக முடியாதவள் மேசையில் பேசுவது பேச்சுவார்த்தை ஆகுமா? வருமானமும் தங்க இடமும் இல்லாதவளின் சம்மதம் எவ்வளவு சம்மதம்?

சட்டத்துக்குள்ளேயே சில பிடிமானங்கள் உண்டு. தீர்ப்பு வரும்வரை சம்மதம் நீடிக்க வேண்டும், இடையில் எவரும் விலகிக்கொள்ளலாம் என்றது 1991இல் உச்ச நீதிமன்றம். ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்ற 2017இன் தீர்ப்பும், ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு உள்ளிட்டவை உண்மையிலேயே தீர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள்: சங்கிலி, வளையல், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், யார் எந்த வாரம். “இது மனுவுல ஏறட்டும். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்” என்றாள்.

அப்பத்தா தலையை ஆட்டியது. “துரும்பச் சும்மா வாங்கக் கூடாதுடி.”