உழவர் அவையேறிய கதை: வில்லியம் பின்ட்லி

பிரித்தானியப் பேரரசின் பிடியினின்றும் விடுபட்ட அமெரிக்க நாட்டிலே, மக்களாட்சி என்பது மக்களின் பெயராற் செல்வரும் சட்டம் கற்றோரும் நடாத்தும் ஆட்சியா, அன்றி எளிய மக்களும் அவையேறி நடாத்தும் ஆட்சியா என்னும் வினா எழுந்தது. தம் வாழ்வையே அதற்கு விடையாக்கியவருள் ஒருவர் பென்சில்வேனிய உழவரான வில்லியம் பின்ட்லி.

வட அயர்லாந்தில் 1741ஆம் ஆண்டளவிற் பிறந்த இவர், 1763இல் அமெரிக்கா சேர்ந்தார். நெசவு இவர் பயின்ற தொழில். வேளாண்மை இவரை வாழ்வித்த தொழில். விடுதலைப் போரிற் குடிப்படைத் தலைவராகப் பணியாற்றியபின், மாநிலத்தின் மேற்கெல்லையிலுள்ள வெஸ்ற்மோர்லாந்துப் பகுதியிற் குடியேறினார். அப்பகுதி மக்கள் இவரை மாநிலச் சட்டமன்றுக்கு அனுப்பினர்.

1786இல் வட அமெரிக்க வங்கியின் பட்டயத்தை மீண்டும் வழங்குவது பற்றி அம்மன்றில் விவாதம் நிகழ்ந்தது. வங்கியின் பங்காளரும் பெருவணிகருமான றொபேட் மொறிஸ், நடுநிலையாளர் போன்று அதனை ஆதரித்தார். தம் நலனுக்காக வாதாட ஒருவர்க்கு உரிமையுண்டு. ஆனால் அந்நலனை மறையாது அவைக்கு உரைத்தல் வேண்டும் என்பதே பின்ட்லியின் மறுமொழி.

அடுத்த ஆண்டிற் புதிய சமஷ்டி அரசியலமைப்பை ஆராயப் பிலடெல்பியாவில் மாநாடு கூடியது. குற்ற வழக்குகளுக்கு யூரி விசாரணையை உறுதிசெய்த அவ்வமைப்பு, குடியியல் வழக்குகளைப் பற்றி யாதும் கூறவில்லை. யூரி முறை வழக்கொழிந்தமையாற் சுவீடன் நாட்டார் தம் சுதந்திரத்தை இழந்தனர் எனப் பின்ட்லி எச்சரித்தார். சுவீடனில் யூரி முறை இருந்ததேயில்லை என வாதிட்டனர் சட்ட வல்லுநரான ஜேம்ஸ் வில்சனும் பிரதம நீதியரசர் தோமஸ் மக்கீனும். சில நாட்களின் பின், சட்ட மாணவர் யாவரும் அறிந்த பிளாக்ஸ்டோனின் உரைநூலை ஏந்திவந்த பின்ட்லி, தம் கூற்றுக்கான சான்றை அவையிற் படித்துக் காட்டினார். எனினும், 46 வாக்குகளுக்கு எதிராக 23 வாக்குகளே பெற்று அவர் அணி தோற்றது. ஆயின், 1791இல் நிறைவேறிய ஏழாம் திருத்தம் குடியியல் வழக்குகளிலும் யூரி உரிமையைக் காத்தது.

அதே ஆண்டிற் சமஷ்டிப் பிரதிநிதிகள் சபையிற் புகுந்தார் பின்ட்லி. தானியத்தை மலைகடந்து கொண்டுசெல்லும் செலவு மிகுதியாதலின், மேற்குப்புற உழவர் அதனை விஸ்கியாக வடித்தே விற்றனர். அதன்மீது 1791இல் விதிக்கப்பட்ட மதுவரி அவர்களை வாட்டியது. வரியை எதிர்த்த பின்ட்லி, வன்முறையையும் எதிர்த்தார். 1794இற் கிளர்ச்சியை அடக்கப் பெரும்படை புறப்பட்டபொழுது, மக்கள் பணிந்தனர் என எடுத்துரைக்கக் கார்லைல் நகருக்குச் சென்று குடியரசுத் தலைவர் வாஷிங்டனைக் கண்டார். படை திரும்பவில்லை. தாம் கண்டவற்றை 1796இல் வரலாற்று நூலாக வெளியிட்டார்.

1791 முதல் 1799 வரையும், 1803 முதல் 1817 வரையும், இருபத்திரண்டு ஆண்டுகள் சமஷ்டிச் சபையில் அமர்ந்த இவர், 1821இற் காலமானார். பல வேளைகளில் இவர் பக்கம் வெல்லவில்லை. ஆயினும், உழவர் தம் குறையை உழவரே ஆதாரத்துடன் அவையில் உரைக்கலாம் என்பதை நிலைநாட்டினார். கல்வி ஒரு வகுப்பாரின் தனியுடைமை அன்று. அதைத் தேடிப் பெற்ற எளியோன் கற்றோர் அவையிலும் தலைநிமிர்ந்து நிற்பான் என்பதே இவர் வாழ்வு தரும் பாடமாகும்.