பயன்பாட்டில் தொடங்கும் பாதுகாப்பு: காரைக்கால் பகுதியின் மரபுக் கட்டடங்களை முன்வைத்து

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1870களில் நகர மன்றத்துக்காக எழுந்த மாளிகை அது. பழுதுபட்டிருந்தது முன்பே தெரிந்திருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் உலக வங்கி நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கடற்கரையின் வெற்றிடம் நிரம்பியது நல்லதே. ஆனால் இன்று நிற்பது மறுபடைப்பு. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் அவற்றில் பதிந்திருந்த கொத்தனார்களின் கைவேலையும் போனது போனதுதான்.

இந்த இழப்பை நெரவியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு கவலை எழும். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பரில் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த காரைக்கால் பகுதியின் கொம்யூன்கள் எனும் உள்ளாட்சிப் பிரிவுகளில் நெரவியும் ஒன்று. தலைநகரின் கடற்கரையில் இருந்த மாளிகைக்கே இந்தக் கதி என்றால், கொம்யூன்களில் உள்ள திண்ணை வைத்த ஓட்டு வீடுகளையும் பழைய பொதுக் கட்டடங்களையும் யார் காப்பது? எதைக் காப்பது என்பதோடு எதற்காகப் பயன்படுத்துவது என்பதையும் சேர்த்தே தீர்மானித்தால்தான் அவை பிழைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் சட்டங்களுக்குத் தடுக்கத் தெரிந்த அளவு வழிகாட்டத் தெரியவில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடைசெய்கிறது. கோட்டைக்கும் கோயிலுக்கும் இது அரண். குடும்பம் வாழும் வீட்டுக்கு இது போதாது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: சமூகத்துக்கு உதவும் பயன்பாடு பாதுகாப்புக்குத் துணைசெய்யும், ஆனால் அதற்காகக் கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றலாகாது.

விடுதியாக்குவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் கல்வித்துறை இயங்கிய ஒரு வீடு பின்னாளில் நீம்ரானா நிறுவனத்தின் விடுதியானது. காரைக்காலுக்கு வடக்கே, 1620இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியிலும் பழைய ஆங்கிலேய கலெக்டர் பங்களாவை அதே நிறுவனம் விடுதியாக நடத்திவந்திருக்கிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் விடுதிக்கு விருந்தினர் வரத்து வேண்டும். காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சிக்கு வருவோர் பல லட்சம் என்றாலும், அவர்கள் தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்கள். நெரவியின் தெருக்களைப் பார்க்கத் தங்குகிறவர்கள் அல்லர்.

வைசியாள் வீதியின் அனுபவம் இப்பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. புதுச்சேரியின் தமிழர் பகுதியிலுள்ள அத்தெருவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தின் கீழ் நகராட்சியும் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் வீட்டுமுகப்புகளைச் சீரமைத்தன. திண்ணைகளும் தெருவைப் பார்த்த தாழ்வாரங்களும் மீண்டன. குடியிருந்தவர்கள் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அம்முயற்சிக்குக் கிடைத்தது. தனி மாளிகையை மட்டும் பார்க்காமல் தெரு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டதே அதன் பலம்.

பொதுக் கட்டடங்களுக்கும் முன்மாதிரி உண்டு. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கடற்கரையை ஒட்டிய காலனியக் கட்டடத்தில் ஆய்வும் நூலகமும் நடத்துகிறது. உயர்ந்த விதானம், அகன்ற தாழ்வாரம், காற்றோடும் கூடம் ஆகியவை படிக்கவும் பணிசெய்யவும் ஏற்றவை. கொம்யூன் அலுவலகம், நூலகம், அங்கன்வாடி, அஞ்சலகம் போன்றவற்றுக்கும் இந்த அமைப்பே போதும்; சுவரை இடிக்க வேண்டியதில்லை. அன்றாடம் ஆள் புழங்கும் கட்டடத்தில் ஓடு விலகினால் அன்றே தெரியும். பூட்டிய வீட்டில் உத்தரம் உளுத்துப்போன பிறகே தெரியும்.

பயன் பொருந்தினாலும் பொருள் பொருந்தாவிட்டால் கெடுதல்தான். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கடலோர உப்பு படிகமாகிச் செங்கல்லை அரிக்கும். நல்ல எண்ணத்தோடு செய்த பூச்சே சுவருக்கு எமனாவது இப்படித்தான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அரிது, செலவும் அதிகம் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெருவின் அழகு ஊருக்கே சொத்து என்றால், செலவை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி. வீட்டுவரிச் சலுகை, முகப்புச் செலவில் அரசின் பங்கு, கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலைப் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

மேரி கட்டடத்தின் பாடம் காரைக்காலுக்கு வந்துசேர இன்னொரு இடிபாடு தேவையில்லை. நெரவி உள்ளிட்ட எல்லாக் கொம்யூன்களிலும் மரபுக் கட்டடங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பயன்பாட்டையும் பட்டியலிலேயே குறிக்கும் பணியைப் புதுச்சேரி அரசு அடுத்த மழைக்காலத்துக்கு முன் தொடங்க வேண்டும்.