சிறிய அலுவலகத்துக்கு ஒரு நெட்வேர்க் சுவிட்ச்: பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஃபைபர் இணைப்புடன் தரப்படும் ரவுட்டரின் பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு கேபிள் துளைகள்தான் இருக்கும். வீட்டுக்கு அது போதும். ஐந்து கணினிகளும் ஒரு பிரிண்டரும் கமராப் பதிவுப் பெட்டியும் உள்ள சனசமூக நிலையத்துக்கோ தனியார் கல்வி நிலையத்துக்கோ போதாது. மிகுதியை வைஃபையில் விட்டுவிடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். மேசையை விட்டு அசையாத கணினிக்குக் கேபிள்தான் சரி என்பது என் அபிப்பிராயம். இரண்டு கல் சுவர்களைத் தாண்டி வரும் வைஃபையை நம்பி, பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

இதற்குத் தேவை எட்டுத் துளைகள் கொண்ட சிறிய சுவிட்ச் ஒன்று. பாடநூல்கள் இதை 'ஆளி' என்கின்றன. கடையில் அப்படிக் கேட்டால் சுவரில் பூட்டும் மின் ஆளியைத்தான் எடுத்துத் தருவார்கள். இதில் கடவுச்சொல்லும் இல்லை, அமைக்க வேண்டிய எதுவும் இல்லை. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள், ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு கேபிள், மின்சாரம், அவ்வளவுதான். எந்தத் துளையில் எந்தக் கணினி இருக்கிறது என்பதைச் சுவிட்ச் தானே கற்றுக்கொண்டு, தகவலை உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுப்பது முன்போலவே ரவுட்டரின் வேலை. இணையம் நின்றுபோனாலும் சுவிட்சில் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும், பிரிண்டரும் வேலை செய்யும். இது பலருக்குத் தெரிவதில்லை.

கேபிளில்தான் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. 'கற் 5ஈ' அல்லது 'கற் 6' என்று எழுதியிருந்தாலும், மலிவானவற்றில் செம்பு பூசிய அலுமினியக் கம்பியே உள்ளே இருக்கும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். ஒரு கேபிளின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. நுனியில் கம்பிகளின் வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு நுனியிலும் இதே வரிசைதான். 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஆகவே ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் இணைப்பு வேலை செய்வது போலவே தோன்றும், வேகம் மட்டும் 100இல் நின்றுவிடும். கணினியின் நெட்வேர்க் விபரத்தில் இணைப்பு வேகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரிய ஆபத்து வெறுமையாக இருக்கும் துளையில் இருக்கிறது. நான் உதவிக்குப் போகும் ஒரு சனசமூக நிலையத்தில், கூட்டித் துடைத்த ஒருவர் தரையில் கிடந்த கேபிள் நுனியை அழகாக எடுத்துச் சுவிட்சின் காலியான துளையில் சொருகிவிட்டார். அதன் மறுநுனியும் அதே சுவிட்சில்தான் இருந்தது. 'எல்லோருக்கும்' என்று வரும் தகவல் துண்டு அந்த வளையத்துக்குள் நிற்காமல் சுற்றிப் பெருக, சில விநாடிகளில் முழு வலையமைப்பும் செத்தது. அன்று ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள். பிள்ளைகள் வெளியே நின்றார்கள். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தபடி ஒரு மணித்தியாலம் போனது. எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல மினுங்குவதே இதன் அடையாளம். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது காரணம் என்று பிடிபடும்.

இந்த வளையத்தைத் தானே கண்டு துண்டிக்கும் முறையை ரேடியா பேர்ள்மன் என்ற பொறியியலாளர் 1985இல் உருவாக்கினார். விலை கூடிய சுவிட்சுகளில் அது உண்டு, மலிவானவற்றில் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் முழு நிம்மதி இல்லை: 2002 நவம்பரில் பொஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அந்த முறை தாங்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்ட வலையமைப்பு சில நாட்கள் முடங்கி, வைத்தியர்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. சிறிய இடத்தில் ஒட்டுத்தாளே போதும்: ஒவ்வொரு கேபிளின் இரு நுனியிலும் ஒரே இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள்.

பழைய ரவுட்டரைச் சுவிட்சாகப் பாவிக்கலாமா என்று கேட்பார்கள். பாவிக்கலாம். ஆனால் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, ஐபி முகவரியை வேறொன்றாக மாற்றி, 'வான்' துளையைத் தொடாமல் 'லான்' துளையில் மட்டும் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டிக்கு முகவரி கொடுக்கும்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது பலர் ரவுட்டருக்கு யூபிஎஸ் வாங்கினார்கள். சுவிட்சையும் அதிலேயே இணைக்க வேண்டும். அது எடுக்கும் மின்சாரம் சில வோற் மட்டுமே. அடப்டரை மாற்ற நேர்ந்தால் வோல்ற் அளவைப் பாருங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக 5 வோல்ற் பெட்டியில் 12 வோல்ற் அடப்டரைச் சொருகினால் எரிந்துவிடும்.

ஒரு கட்டடத்திலிருந்து முற்றத்தைத் தாண்டி இன்னொன்றுக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கூடும் நம் நாட்டில், அருகே விழும் மின்னல் அந்தக் கம்பி வழியே இரண்டு பக்கத்துக் கணினிகளையும் தாக்கலாம். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் கேபிள் போடலாம், அல்லது அங்கே மட்டும் வைஃபையைப் பாவிக்கலாம்.