தோதாய்ஜியின் ஒட்டுத் தூண்கள்

ஜப்பானின் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலுக்குக் கூட்டாளிகளோடு போகிறவர்கள் மான்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பூங்காவில் விற்கும் மான் அப்பளத்தை வாங்கினால் அவை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கும். கொடுக்கத் தாமதித்தால் சட்டை முனையைக் கவ்வும். குழுவில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

மீதிப் பேர் தெற்குப் பெருவாயிலுக்குள் நுழைவார்கள். 1199இல் எழுந்த வாயில் அது. இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் காவல் உருவங்கள், உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்களுடைய பட்டறையினரும் 1203இல் ஏறக்குறைய எழுபதே நாளில் செய்தவை. ஒரே மரத்தைக் குடைந்தவை அல்ல, எண்ணற்ற மரத்துண்டுகளைப் பொருத்தியவை.

இந்தப் பொருத்து வேலைதான் தோதாய்ஜியின் வரலாறு. வழிகாட்டிகள் இதை எட்டாம் நூற்றாண்டுக் கோயில் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அவ்வளவு சரியல்ல. பெரியம்மை நாட்டைச் சூறையாடிய சில ஆண்டுகளில், 743இல், பேரரசர் ஷோமு வெண்கலப் புத்தரை வார்க்கக் கட்டளையிட்டார். 752இல் கண் திறப்பு விழா. நம் ஊர் ஸ்தபதி உளியால் செய்வதை அங்கே தூரிகையால் செய்தார்கள். தூரிகையைப் பிடித்தவர், 736இல் ஜப்பான் வந்துசேர்ந்த இந்தியத் துறவி போதிசேனர். அதில் கட்டிய நீண்ட கயிறுகளைக் கூட்டத்தினர் பற்றிக்கொள்ள, எல்லாரும் சேர்ந்தே கண் திறந்ததாக ஆயிற்று. அந்தத் தூரிகை ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது.

அந்தப் புத்தர் இருந்த முதல் மண்டபம்தான் இல்லை. 1180இல் தைரா குலத்தின் படை வைத்த தீயில் எரிந்தது. ச்சோகென் என்ற துறவி ஊர் ஊராக நன்கொடை திரட்டி மறுபடி எழுப்பினார். 1567இல் உள்நாட்டுச் சண்டையில் அதுவும் சாம்பலானது. புத்தரின் தலையும் விழுந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் நிலையான மண்டபமில்லாமல் அமர்ந்திருந்தார் பெருமான். கோகெய் என்ற துறவி திரும்ப வசூலுக்கு இறங்கினார். புதிய மண்டபம் 1709இல் முடிந்தது. பழையதன் அகலம் சுமார் 86 மீட்டர், இப்போதையது 57 மீட்டர். பதினைந்து மீட்டர் உயரப் புத்தரின் முன் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேர், அந்தத் தலை பதினேழாம் நூற்றாண்டினது, தாமரைப் பீடம் போன்ற சில பகுதிகளே ஷோமு காலத்தவை என்று கவனிக்கிறார்கள்?

தூண்களைத் தொட்டுப் பார்த்தாலே விஷயம் விளங்கும். அவ்வளவு பெரிய மரங்கள் அப்போது கிடைக்காததால், மரத்துண்டுகளைச் சுற்றிலும் அடுக்கி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தூணின் அடியில், புத்தரின் மூக்குத் துவாரத்தளவு என்று சொல்லப்படும் ஓட்டை உண்டு. நுழைந்து வந்தால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. குழந்தைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். பெரியவர் சிக்கினால் முன்னால் ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள வேண்டியதுதான். தனியாகப் போகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை.

கால் வலிக்காதவர்கள் கிழக்கே மேட்டில் இருக்கும் நிகாட்சுதோ மண்டபத்துக்கும் ஏறிவிடுவது நல்லது. அங்கே மார்ச் மாதம் தீப்பந்தங்களோடு நடக்கும் ஷுனியே வழிபாடு 752 முதல் ஓராண்டும் விட்டுப்போகவில்லை என்கிறது கோயில் மரபு. 1667இல் அந்த வழிபாட்டின்போதே மண்டபம் எரிந்தது. ஏறிப் பார்ப்பது 1669இல் கட்டியது.