புள்ளலூர் 1780: ஒரு படை காணாமல் போன கேஸ்

இன்னைக்கு ஒரு துப்பறியும் கதை. சம்பவம் நடந்த இடம், நம்மில் பலர் தினமும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிற ரூட்டுக்குப் பக்கம்தான். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டி காஞ்சிபுரம் போகிற ஹைவேக்கு வடக்கே புள்ளலூர் என்று ஒரு ஊர் இருக்கு. அங்கிருந்து வடகிழக்கே போனால் பேரம்பாக்கம். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காலையில், புள்ளலூர் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு முழுப் படை, ஏறக்குறைய 3,700 பேர், சில மணி நேரத்தில் இல்லாமல் போனது. காப்பாற்றக்கூடிய இன்னொரு படை பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது. அது வந்து சேரவில்லை.

யார் காரணம் என்பதுதான் கேஸ்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1779-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மாஹியைப் பிடித்தார்கள். ஹைதர் அலிக்கு அது பெரிய கோபம், ஏன்னா அவருக்கு ஆயுதம் வந்து இறங்குகிற துறைமுகம் அது. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். படை எண்பதாயிரத்துக்கு மேல் என்று சொல்வார்கள். மெட்ராஸைச் சுற்றியுள்ள கிராமங்களை எரித்தார்கள். அந்தத் தீ பரங்கிமலை உச்சியிலிருந்து தெரிந்தது. அதுவரை கவர்னரும் கவுன்சிலும் எச்சரிக்கைகளைக் கண்டுகொள்ளவே இல்லை.

கம்பெனி பக்கம் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, 1764-ல் பக்சார் போரை ஜெயித்தவர். தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற மன்றோ இவர் இல்லை. அது தாமஸ் மன்றோ. அவர் அப்போ பத்தொன்பது வயசுப் பையன், இந்த ஹெக்டர் மன்றோ முகாமில்தான் இருந்தார்.

படைகள் எங்கே ஒன்று சேர்வது என்று முதலிலேயே தகராறு. மெட்ராஸ் பக்கத்திலேயே சேரலாம் என்றார் லார்ட் மெக்லியோட் என்ற அதிகாரி. காஞ்சிபுரம்தான் என்று மன்றோ பிடிவாதமாக நின்றார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து அங்கே சேர வேண்டும். பெய்லி ஆகஸ்ட் 25 வாக்கில் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தார். உடனே தாண்டியிருக்கலாம். ஆனா வடகரையில் முகாம் போட்டார். ராத்திரி வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே மாட்டிக்கொண்டார். நம்ம ஊர் ஆறுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அன்றைக்கும் தெரியாது.

செப்டம்பர் 6. பேரம்பாக்கத்தில் திப்பு சுல்தான் பெய்லியை மறித்தார். பெய்லி சமாளித்தார், ஆனா வெடிமருந்து குறைந்துவிட்டது. "என்னால் வர முடியாது, நீங்க வாங்க" என்ற பொருளில் மன்றோவுக்குக் கடிதம் போனது. தூரம் 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர் சொச்சம். மன்றோ போகவில்லை. கர்னல் ஃப்ளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை அனுப்பினார். அவர்கள் 9-ஆம் தேதி காலை பெய்லியோடு சேர்ந்தார்கள். அன்று இரவு எல்லோரும் காஞ்சிபுரம் நோக்கி நடந்தார்கள். நடுவழியில் பெய்லி "விடியட்டும்" என்று நிறுத்தினார். விடிந்தபோது திப்பு மட்டும் இல்லை, ஹைதரின் முழுப் படையும் ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளோடு வந்து நின்றது.

இனி சந்தேக நபர்கள். முதல் ஆள் எல்லோருக்கும் பிடித்த ஆள்: ராக்கெட். மைசூர் ராக்கெட் பற்றி நமக்கெல்லாம் பெருமை உண்டு. நாசாவில் திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியத்தைப் பார்த்ததை கலாமே எழுதியிருக்கிறார். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது உண்மை. ஶ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாக் மாளிகைச் சுவரில் இந்தப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். நடுவே பல்லக்கில் பெய்லி, விரலைக் கடித்தபடி. வண்டி வெடிப்பதும் இருக்கு. வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எனக்கு அது முக்கியமாகத் தெரியலை. வண்டி வெடித்தபோது பெய்லி ஏற்கெனவே நாலு பக்கமும் சூழப்பட்டிருந்தார்.

இரண்டாவது ஆள், ஆங்கிலேயர்கள் கைகாட்டும் ஆள்: வழிகாட்டிகள். ஹர்காரா என்பார்கள். தபால்காரர், வழிகாட்டி, உளவாளி மூன்றும் ஒரே ஆள். ஃப்ளெட்சரைக் கூட்டிப்போன ஹர்காராக்கள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள் என்று மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிறார். துரோகம், கேஸ் முடிந்தது, ஃபைலை மூடு.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தணும். என் முதல் வேலையில், ஒரு நைட் ஷிஃப்டில் லைன் நின்றுபோச்சு. மறுநாள் ரூட் காஸ் அனாலிசிஸ் மீட்டிங். "ஆபரேட்டர் தவறு" என்று எழுதி முடித்தோம். அந்த ஆபரேட்டர் கான்ட்ராக்ட் பையன், மீட்டிங்கில் இல்லை. மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ லாக் பார்க்கும்போதுதான் தெரிந்தது, அவருக்கு அலர்ட்டே தாமதமாகத்தான் போயிருக்கு. அந்த மாட்யூல் நான் எழுதினது. அதற்குள் அவர் கான்ட்ராக்ட் முடிந்து போயிருந்தார். அதிலிருந்து யாராவது பெயரே இல்லாத ஒருத்தர் மேல் பழி போட்டால் எனக்கு உடனே லாக் பார்க்கத் தோன்றும்.

இந்த லாக்கைப் பாருங்க. வழிகாட்டிகள் மேல் ஃப்ளெட்சருக்குச் சந்தேகம் வந்தது. பாதையை மாற்றினார், சுற்றி நடந்தார், மறித்து நின்ற படையிடம் சிக்காமல் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். ஹர்காராக்கள் துரோகம் செய்திருக்கலாம், செய்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனா அந்தத் துரோகம் ஜெயிக்கவில்லை. தோற்றுப்போன சதி இந்தக் கொலையைச் செய்திருக்க முடியாது.

மூன்றாவது, பெய்லி ராத்திரி நிறுத்தியது. இதுக்கு அவரை ரொம்பத் திட்டியிருக்கிறார்கள். முன்னால் போனால் தப்பியிருக்கலாம்தான். ஆனா மூன்று நாளாக அடி வாங்கிய ஆட்கள், இருட்டு, சேற்று வயல், இழுக்க வேண்டிய பீரங்கிகள். விடிந்தால் மன்றோ எதிரே வருவார் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும். தப்பான முடிவு, ஆனா புரிகிற முடிவு.

அப்போ மன்றோ ஏன் வரவில்லை? எனக்கு இதுதான் முடிச்சு. அவர் சொன்ன காரணம் அரிசி. படைக்குச் சில நாளுக்கான அரிசிதான் கையில் இருந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி தானியமும் தகவலும் தருவார் என்ற கணக்கில் வந்தார்கள். நவாபின் ஆள் முகாமுக்கு வந்து, என்னால் எதுவும் தர முடியாது என்று சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் சேர்த்த கொஞ்ச தானியத்தை விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார். அந்த மூட்டைகளுக்குக் காவலாக ஒரு தளபதி உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு பற்றாக்குறை தகவல். 9-ஆம் தேதி இரவு, சில மைல் தள்ளி இருந்த ஹைதரின் பெரும்படை நகர்ந்து போனது. மன்றோவுக்குத் தெரியவில்லை. ஃப்ளெட்சர் கிளம்பியது ஹைதருக்குத் தெரிந்தது. பெய்லி எந்த வழியில் வருகிறார் என்பதும் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னன்னா, இது கம்பெனியின் சொந்த நிலம். செங்கல்பட்டு ஜாகிர் என்று 1763-லேயே நவாபிடம் எழுதி வாங்கியது, வாங்கி அவரிடமே குத்தகைக்கு விட்டது. பதினேழு வருஷம் பணம் வசூலானது. ஆனா சண்டை வந்தபோது அந்த ஊர்களிலிருந்து ஒரு மூட்டை அரிசியோ, ஒரு உருப்படியான சேதியோ வரவில்லை. தன் சொந்த ஜாகிரில் கம்பெனி எதிரி நாட்டுக்குள் மாட்டிக்கொண்டது மாதிரி நடந்தது.

உடனே "மக்கள் ஹைதர் பக்கம்" என்று ரீல்ஸ் போட்டுடாதீங்க. கிராமங்களை எரித்தது ஹைதரின் குதிரைப்படை. சேதி அவருக்குப் போனதற்குக் காரணம் அவர் உளவாளிகளுக்கு ஒழுங்காகக் காசு கொடுத்ததும், ரோடு முழுக்க அவர் கையில் இருந்ததும். ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடமிருந்தும் ஓடி ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

10-ஆம் தேதி மன்றோ ஒருவழியாகக் கிளம்பினார். சத்தம் கேட்டது, பிறகு நின்றது. காயத்தோடு வந்த சிப்பாய் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. காஞ்சிபுரம் திரும்பி, பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாக மெட்ராஸுக்குப் பின்வாங்கினார். ஃப்ளெட்சர் களத்திலேயே இறந்தார். பெய்லி கைதியாக ஶ்ரீரங்கப்பட்டணத்தில் 1782 நவம்பரில் இறந்தார். வெள்ளைக்காரர்களில் இருநூறு பேர்வரை உயிரோடு பிடிபட்டார்கள், அவர்களில் சிலர் புத்தகமே எழுதினார்கள். படையில் பெரும்பாலானவர்கள் சிப்பாய்கள், தெலுங்கும் தமிழும் பேசினவர்கள். அவர்கள் எழுதினது எதுவும் என் கண்ணில் படலை.

புள்ளலூர் போனால் இரண்டு உயரமான கல்தூண்கள் இருக்கும். பலரும் இந்தப் போருக்கானவை என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அவை 1781 ஆகஸ்ட் 27-ல் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கானவை. ஆமா, அடுத்த வருஷமே ஐர் கூட் என்ற தளபதி அதே இடத்துக்கு வந்து ஹைதரோடு மோதினார். போன வருஷத்து எலும்புகள் அப்போதும் வயலில் கிடந்தன. அந்தக் கதை அடுத்த எபிசோடில்.