திதி தெரியாத முன்னோருக்கு எந்த நாள்?

ஆடி அமாவாசை வந்தால் பேராக் தோட்டப்புறத்திலிருந்து வந்த சில குடும்பங்களில் ஒரு கேள்வி எழும். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாது. திதி இல்லாதவருக்கு எப்படித் திதி கொடுப்பது?

சயாம் மரண ரயில் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நீளம் 415 கிலோமீட்டர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி, பிறகு வலுக்கட்டாயமாகவும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை ஏற்றிச் சென்றார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே காலம் தள்ளிய பெண்கள் தோட்டங்களில் இருந்தார்கள்.

இதே கேள்வி யூதர்களுக்கும் வந்தது.

அவர்களின் துக்க காலமும் நம் ஆடியை ஒட்டியே வருகிறது. தம்மூஸ் மாதம் 17-ஆம் நாள் நோன்போடு தொடங்கி, ஆவ் மாதம் 9-ஆம் நாள் வரை மூன்று வாரம். ஆடியில் நாம் கல்யாணம் வைக்காதது போல அவர்களும் வைப்பதில்லை, காரணம்தான் வேறு. ஜெருசலேம் கோயிலை முதலில் பாபிலோனியர் இடித்தனர், இரண்டாம் முறை கி.பி. 70-இல் ரோமர் இடித்தனர். ஆவ் ஒன்பதில் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல், தோல் செருப்பு அணியாமல், துக்க வீட்டில் இருப்பது போலத் தரையில் அமர்ந்து புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். நோன்புக்கு முந்தைய கடைசி உணவில் அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டு உண்பதும் உண்டு.

ஆனால் நம் கேள்விக்கு நெருக்கமானது இன்னொரு நோன்பு. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் பேரில் எத்தனையோ பேருக்கு இறந்த நாள் தெரியாது. யூத மரபில் ஆண்டுதோறும் அந்த நாளில்தான் 'காடிஷ்' என்னும் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். எனவே போருக்குப் பிறகு இஸ்ரேலின் தலைமை ரபிமார், ஜெருசலேம் முற்றுகையை நினைவுகூரும் தெவேத் மாதம் 10-ஆம் நாள் நோன்பை நாள் தெரியாத அனைவருக்குமான பொதுக் காடிஷ் நாளாக்கினர். புது நாள் தேடாமல் பழைய நோன்பிலேயே புதுத் துக்கத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

நம்மிடம் அந்த வழி முன்பே இருக்கிறது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கலாம், அதிலும் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை விசேஷம். கோத்திரம் தெரியாதோருக்குச் சிவ கோத்திரம் சொல்வது வழக்கம். பெயரும் தகப்பன் பெயரும் தெரிந்தால் போதும்.

அந்தப் பெயர்களோடு தோட்டத்தின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது. இரண்டு பெயரையும் கேட்க வேண்டும். ஏட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர், பாட்டிமார் வாயில் இருப்பது தமிழ்ப் பெயர். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்த இடங்களில் அந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்ல இனிப் பெயர்ப்பலகைகூட இல்லை.